அத்தையின் கண்ணில் ஒரு சொட்டு

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று உங்கள் அக்கா வழியாகத் தெரிந்துகொண்டேன். நமக்கு நடுவில் செய்தி வாசிக்கும் வேலையில் அவர் நன்றாகத் தேறிவிட்டார்.

முதலில் முக்கியமானது. அத்தையின் கண் பிழைத்துவிட்டது. நேற்றுக் கட்டை அவிழ்த்தார்கள். மருத்துவர் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அத்தை எண்ணிச் சொல்லிவிட்டு, நகம் வெட்டக்கூட நேரமில்லையா என்று விசாரித்தார். மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை என்று மருத்துவர் முடித்துக்கொண்டார்.

"அம்மா கண்ணு உன் ஆராய்ச்சிக் கூடம் இல்ல." நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது அது. நியாயமான பேச்சுதான். ஆனால் துணிக் கிளிப்பின் கம்பி தெறித்துக் கிழித்த இடத்தில் தையல் நிற்காது என்றது மருத்துவர். சோதனையில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்து ஜெல்லைப் போட்டுப் பார்க்கலாம் என்றதும் அவரே. உங்களைக் கேட்டுவிடுவோம் என்றுதான் நான் சொன்னேன். அத்தை கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "கண்ணு என்னோடது. அவன்கிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்றார்.

அந்த ஜெல்லைச் சொட்டாக விட்டு நீல ஒளியைக் காட்டினால், கண்ணாடி போல் உறைந்து காயத்தை மூடிக்கொள்ளும். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் தலைவர் 'பல்திறன்' வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் அதற்கு ஒரு புது வேலை கொடுத்தார். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட வேண்டும். கிருமி வந்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்க வேண்டும். இன்னொரு கூட்டம் நடந்திருந்தால் வரவேற்புரையும் ஆற்றியிருக்கும். எந்த நிறம் என்று ஒரு மாலை முழுக்க விவாதித்து, மஞ்சள் என்று முடிவு செய்தோம்.

சென்ற வாரம் கண்ணைக் காட்ட மருத்துவமனைக்குப் போனோம். நான் வண்டியை நிறுத்திவிட்டு வந்தபோது அத்தை வெளியறையில் உட்கார்ந்திருந்தார். கண்கட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஜெல் மஞ்சளாக இருந்தது. கிருமி வந்துவிட்டது என்றே நினைத்தேன். தலைவரைக் கைபேசியில் கூப்பிட்டேன். உடனே எடுத்துவிடச் சொல் என்றார். எடுத்தால் கண் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அத்தை கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையும் மஞ்சள். உறைந்த ஜெல் கன்னத்தில் வழியாதே என்று அப்போதுதான் உறைத்தது. கேட்டதற்கு, இப்போதுதான் நர்ஸ் பெண் சொட்டு விட்டுப் போனாள் என்றார். காயம் ஆறியதா என்று பார்க்க எல்லாக் கண் மருத்துவமனைகளிலும் விடுகிற சாயம் அது. வானவில்லில் மற்ற நிறங்கள் சும்மா இருக்க, கண்ணுக்கென்று ஜெல் செய்யும் நாங்கள் அதே நிறத்தை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இதை ஆராய இப்போது ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். நிறம் தேர்ந்தெடுத்த அதே ஆட்கள்தான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். "ஏம்மா, அடிபட்டது எனக்கா உனக்கா?" என்று தலையைத் தடவினார்.

இப்போது அவருக்கு உங்களைப் பார்க்க வேண்டுமாம். இளைத்துவிட்டீர்களா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை முகம் தெரியும்படி கூப்பிடுங்கள். கைபேசியை அவரிடம் கொடுத்தால் கூரையைத்தான் காட்டுவார். நான்தான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உங்களவள்