நோயோடு விடப்பட்டவர்கள்

அக்கா,

இன்று காலை ஜெலாப்பாங் மினி மார்க்கெட்டில் யாரோ ஓர் ஒலிவ எண்ணெய்ப் போத்தலைக் கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மற்றவர்களுக்கு அது சமையல் வாடை. எனக்கு அது, சபையில் உன் நெற்றியில் அவர்கள் பூசிப் பூசித் தேய்த்த எண்ணெயின் வாடை.

கடைவீட்டு மாடியில் இருந்த அந்தச் சபைக்கு நம் குடும்பத்தில் முதலில் போனவள் நீ. நீ ஞானஸ்நானம் எடுத்த அன்று அப்பா, "இனிமே இந்த வீட்டுச் சாமிக்கும் ஒனக்கும் பேச்சு இல்ல. எனக்கும் இல்ல" என்றார். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி நம்மை வளர்த்த மனிதர், சொன்னபடியே இருந்தார். "பரவால்ல லா, இனி சபைதான் என் வீடு" என்று நீ கிளம்பினாய். அங்கே பெண்களுக்கு வேத பாடம் நடத்தும் அளவுக்கு வளர்ந்தாய். உன் பின்னால்தான் நானும் வந்தேன்.

பிறகு உன் மார்பில் கட்டி வந்தது. பாஸ்டர் எண்ணெய் பூசி, கை வைத்து ஜெபித்தார். "சிஸ்டர் குணமாயிட்டாங்க!" என்று மேடையிலேயே அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான். ஆனால் கட்டி அப்படியே இருந்தது. நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய், முடி கொட்டியது, தலையில் துணி கட்டிக்கொண்டு பாடம் எடுக்க வந்தாய்.

அன்று பாஸ்டர் உன்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் உன்னோடு வந்தேன்.

"நீங்க இப்படி வந்து நின்னா ஜனங்களுக்கு விசுவாசம் கொறையும் சிஸ்டர். குணமாகுற வரைக்கும் ரெஸ்ட் எடுங்க."

"எனக்குக் களைப்பா இல்லையே பாஸ்டர்."

"உள்ளுக்குள்ள ஏதாச்சும் மறைச்ச பாவம் இருக்கான்னு பாருங்க" என்றார் அவர்.

இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாய்.

அதற்குப் பின் நீ வேதத்தை வேறு மாதிரி வாசித்தாய். ஆறுதல் தேடி அல்ல, வழக்குக்குச் சாட்சி தேடுபவளைப் போல. ஒருநாள் என் அடுப்படியில் நின்று, "இங்க பாரு தங்கச்சி" என்றாய். "அப்போஸ்தலர் பவுல் கை வச்சு எத்தன பேரு குணமானாங்க. ஆனா கூட ஊழியம் செஞ்ச துரோப்பீமு மட்டும் ஒரு ஊர்ல நோயாவே கெடக்கான். விட்டுட்டு வந்தேன்னு அவரே கடிதத்துல எழுதுறாரு. அவனுக்கு விசுவாசம் இல்லன்னு எழுதல. பாவின்னும் எழுதல. நோயாளின்னு மட்டும்தான் லா எழுதியிருக்கு."

உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில், கடைசி வரிசையில் எழுந்து நின்று இதையே சொல்லத் தொடங்கினாய். துரோப்பீமுவின் பெயர் வந்ததும் பாஸ்டர் இசைக்குழுவைப் பார்த்துக் கையை அசைத்தார். டிரம்ஸ் முழங்கியது. எல்லாரும் எழுந்து பாடினார்கள். அந்தச் சத்தத்தில் உன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

உன் அடக்க ஆராதனையில் அதே பாஸ்டர், "நம்ம சிஸ்டர் இப்ப பரிபூரண சுகம் அடைஞ்சிட்டாங்க" என்று குரலை உயர்த்தினார். அப்பா வந்திருந்தார். உள்ளே வராமல் கதவோரம் நின்றவர் என்னைக் கேட்டார்: "செத்துப்போன புள்ளைய வச்சிக்கிட்டு இந்த ஆளு ஏம்மா ஜெயிச்ச மாதிரி பேசுறாரு?"



உன் கடைசி வாரத்தில் நீ சொன்னாய்: "அவங்கள மன்னிச்சிரு. என்னப் பாத்து பயந்துட்டாங்க, அவ்ளோதான்."

இப்போது நான் வேறொரு சிறிய சபைக்குப் போகிறேன். வேதத்தை நீ வாசித்தபடியே, எழுதாததைச் சேர்க்காமல் வாசிக்கப் பார்க்கிறேன். நோயாளிகளைப் பார்க்கப் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், யாருக்கும் எதையும் அறிவிப்பதில்லை. ஆராதனை முடிவில் எல்லாரோடும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்கிறேன். 'பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல' என்று வரும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். ஆண்டவரிடம் போய்ப் பொய் சொல்ல முடியவில்லை.

அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்கிறேன்.