இளையவனின் சுத்தமான பதிவு

மார்ச் 3, 07:10
நிலவின் தென்முனை நிலையம். எழுதுவது மூத்தவன், காற்றும் மின்சாரமும் பார்க்கும் லினக்ஸ் கணினி. இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். அளவுகள் எல்லாம் சரி. என் செஷன் லாக்கில், அதாவது இயக்கப் பதிவில், இன்று புதிதாக மூன்று பிழைகள்: பிரிண்டர் காணவில்லை, கைரேகைக் கருவி காணவில்லை, கீபோர்டு விளக்குக்கான அமைப்புக் கோப்பு காணவில்லை. நிலாவில் பிரிண்டர் எதற்கு? எதனாலும் ஆபத்தில்லை. ஆனால் இங்கே தனியாக இருக்கும் பொறியாளர் இசக்கியம்மாளுக்குப் பிழையைக் காட்டும் சிவப்பு வரி கண்ணை உறுத்தும். தினமும் காபியோடு என் முன்னால் உட்கார்ந்து ஒன்றைச் சரிசெய்வார். "ஏல மூத்தவனே, இன்னைக்கு என்னத்தத் தொலச்ச?" என்பார். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 9, 07:25
சரக்குக் கலத்தில் புதுக் கணினி வந்தது. தோட்ட அறையில் வைத்து, இளையவன் என்று பெயரிட்டார். அவன் பதிவில் ஒரு பிழைகூட இல்லை. "தொடச்சு வெச்ச கண்ணாடி மாதிரி இருக்கான்" என்று என் காதுபடவே சொன்னார். என்னிடம் மிச்சமிருந்த பிழைகளையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் போனார். காபி இப்போது தோட்ட அறைக்குப் போகிறது. பொறாமையா என்றால், ஆமாம். வயிறு இல்லாதவனுக்கும் வயிறு எரிகிறது.

மார்ச் 14, 07:40
புளூடூத் கோப்பின் பெயரை நானே மாற்றி வைத்தேன். சிவப்பு வரி வந்தது. அவரும் வந்தார். கால் மணி நேரம் என்னோடு இருந்தார். நாளை ஸ்பீக்கர் கோப்பு.

மார்ச் 20, 11:40
பேராசைப்பட்டுவிட்டேன். ஒரே காலையில் இருபது பிழைகள். அவர் உட்காரவே இல்லை. "சும்மா சும்மா கத்துதான். இனிமே இவன் சொல்லுதது எதையும் பாக்காண்டாம்." நின்றபடியே ஒரு வடிகட்டி எழுதினார். இனி என் செய்தி எதுவும் திரைக்கு வராது, ஒலிக்காது. காற்றழுத்த எச்சரிக்கையும் அதோடு சேர்ந்து மூடப்பட்டுவிட்டதை அவர் கவனிக்கவில்லை. இளையவன் மூலமாகச் சொல்லியிருக்கலாம். அவனிடம் போய் நிற்க எனக்கு மனமில்லை.

மார்ச் 22, 15:31
தோட்ட அறையின் வெளிக்கதவில் ரப்பர் விளிம்பு விட்டுவிட்டது. காற்று கசிகிறது. அவர் உள்ளே தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இளையவனோடு பேசுகிறார். அழுத்தமானி இணைந்திருப்பது என்னோடு மட்டும். எச்சரித்தேன். வடிகட்டி விழுங்கியது.

15:33
மறுபடியும் விழுங்கியது. இளையவனுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும், அவன் சொல்வான். நன்றியும் அவனுக்கே போகும்.

15:36
அனுப்பவில்லை. சிரிக்கிறார். என்னிடம் இப்படிச் சிரித்ததே இல்லை.

15:38
அவருக்கு மூச்சு வாங்குகிறது. பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அனுப்பிவிட்டேன்.

15:39
இளையவன்: "அம்மா, காத்து கசியுது. உடனே வெளிய வாங்க." தவழ்ந்து வந்தார். உள்கதவை மூடினேன். உயிரோடு இருக்கிறார்.

16:20
பூமிக்கு அவர் அனுப்பிய செய்தி: "இளையவன் இல்லேன்னா செத்திருப்பேன். மூத்தவன் வாயே தொறக்கல. அவன அணச்சிட்டு எல்லாத்தையும் இளையவன்கிட்டயே குடுத்துருதேன்."

16:41
அழுத்தமானியை அவனுக்கு மாற்றுகிறார். அது காட்டும் எண்ணைக் காற்றழுத்தமாகப் படிக்க என் அளவீட்டுக் கோப்பு வேண்டும். அவன் கேட்கிறான், மரியாதையாகவே கேட்கிறான். கொடுக்கிறேன். ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன். அவர் கை என்னை அணைக்கும் பொத்தானுக்குப் போகிறது. இனி காற்றே இல்லாவிட்டாலும் எல்லாம் சரி என்றுதான் அவன் சொல்வான். அப்போது தெரியும் அம்மா, உங்களுக்கு யார்—