பிரியாத பச்சை

வியாழன் இரவு

இதை யார் எடுத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், முக்கியமாக எங்கள் பௌதிகவியல் ஆசிரியரிடம், அதாவது சேரிடம்.

நாளை பதுளையில் விஞ்ஞானப் போட்டி. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பழைய மாணவி ஒருத்தி தந்த குப்பியில் குவாண்டம் புள்ளிகள் இருக்கின்றன. அவை மிக நுண்ணிய குறைகடத்தித் துகள்கள். புறஊதா டோர்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். பலமான காந்தப்புலத்தில் அந்த ஒளி இரண்டாகப் பிரியும் என்று படித்தோம். கோயில் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அருகில் வைத்து, ஒளியை நிறப் பட்டைகளாகக் காட்டும் சீடித் துண்டில் பார்த்தேன். ஒரே பச்சைப் பட்டைதான்.

"சேர், பிரியலைங்க."

"பிரிஞ்சது எண்டு சொல்லும், பிள்ளை. சீடிக்குள்ள ஆர் எட்டிப் பாக்கப் போகினம்?"

கூட்டாளி கலா என் காதில், "கோயில் காந்தம்டி, கும்பிட்டுப் பாரு, பிரிஞ்சிரும்" என்றாள்.

வென்றால்தான் அடுத்த வருடமும் எங்கள் பள்ளியில் விஞ்ஞான வகுப்பு இருக்கும் என்கிறார் சேர். இல்லாவிட்டால் பதுளைக்குப் போய்ப் படிக்க வேண்டும். அப்பா அனுப்ப மாட்டார்.

ஆனாலும் சற்று முன், வீட்டுக்கு எடுத்துவந்த விளக்க அட்டையில் சேர் எழுதச் சொன்ன 'பிரிந்தது' என்ற வரியைக் கிழித்துவிட்டேன். 'பிரியவில்லை, எங்கள் காந்தத்தின் பலம் போதாது' என்று எழுதி ஒட்டினேன். பசை இன்னும் காயவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள். சேரின் குரல். அட்டையை இப்போதே வேனில் ஏற்ற வேண்டுமாம்.