பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டு

8-5-1996, புதன். பாகலூர்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் தில்ஷாத் எழுதுகிறாள். அவளைத் திட்டினாலும் அப்படியே எழுதவேண்டும் என்று பேச்சு.

இடிக்குப் பயந்து பத்து நாளாக அவளுடைய கம்ப்யூட்டரைப் போடவிடவில்லை. இன்று போட்டால், திரையில் 1980 ஜனவரி ஒன்று! அன்றைக்கு நான் சாமல்பட்டி ஸ்டேஷனில் மூட்டை இறக்கினேன். இந்தச் சனியன் பிறக்கவேயில்லை, அதற்கென்ன தெரியும்?

டிஸ்க்கும் இல்லை என்கிறதாம். போல்ட் கம்பெனி ஆட்கள் நானூறு பேரின் பட்டியல் அதற்குள்தான். சனிக்கிழமை அதை வாங்க கம்பெனி ஆள் முனிராஜ் வருவார். தராவிட்டால் வேலை ஓசூர் டைப்பிங் கடைக்குப் போய்விடும்.

என் மகன் ஜமீர், "வித்துட்டு மிக்சி வாங்கலாம், சட்னியாவது வரும்" என்கிறான். நாய்.

9-5, வியாழன்

மெக்கானிக் ஃபக்ருதீன் பெங்களூரில். திங்களன்றுதான் வருவான். போனில் சொன்னானாம்: "உள்ள பேட்டரி செத்துடுச்சிக்கா, செட்டிங்க மறந்துடுச்சி. டிஸ்க்கு நல்லாதான் இருக்கு. பொட்டி மேல சீட்டு ஒட்டினேனே, அந்த மூணு நம்பரப் போடுங்க."

சீட்டைக் காணோம். அவனுக்கும் நம்பர் நினைவில்லையாம். என்னையும் கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன்.

10-5, வெள்ளி

ஜும்ஆ தொழுகையில் மனசு நிற்கவில்லை.

எழுதும்மா. சீட்டை உரித்தது நான்தான். விலைச் சீட்டு என்று நினைத்தேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் விலை பார்ப்பானே என்று, ஈரத்துணி போட்டுத் தேய்த்து... ஏன் நிறுத்திவிட்டாய்? எழுது.

"ரெண்டு நாளா பரண் மேலெல்லாம் ஏறித் தேடறேன், கல்லாட்டம் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களே மாமா!"

அதையும் எழுது.

நம்பரைச் சொன்னால் சீட்டு எங்கே என்பாய், அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சீட்டு ஒட்டின அன்று ஃபக்ருதீன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான், வாயில் முறுக்கோடு. மூன்றும் எனக்கு மறக்காத நம்பர். 989: ஜவளகிரி மேட்டில் கவிழ்ந்த எங்கள் லாரியின் நம்பர். 12: அதற்காக என் பெண்டாட்டி ரோஷன் பீ என்னோடு பேசாத நாட்கள். 35: பேச ஆரம்பித்ததும் விழுந்த திட்டுகள். எண்ணினேன். அதே வரிசையில் போ—

(பேனாவைப் போட்டுவிட்டு ஓடியவள் அரை மணி கழித்து வந்தாள்.) நானூறு பேரும் இருக்கிறார்கள்.

11-5, சனி

முனிராஜ் வாங்கிப் போனார். அடுத்த பட்டியலும் தந்தார். ஜமீர் மிக்சியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

13-5, திங்கள்

ஃபக்ருதீன் புதுப் பேட்டரி போட்டான். தில்ஷாத் புதுச் சீட்டு ஒட்டினாள். மூன்று நம்பருக்கு மூன்று வரி போதாதா? நாலு இருக்கிறது. எழுத்துதான் தெரியாது, எண்ணத் தெரியும். நாலாவது என்னம்மா என்றால் சிரிக்கிறாள். அதை இங்கேயும் எழுது, பார்ப்போம்.

கிழிந்தால் மாமாவைக் கேட்கவும்.