நாவல்பழக் கறை

ஆடி 9, வெள்ளி.

படுத்தும் சிரிப்பு அடங்கவில்லை. தையல் கடையில் தின்னக் கூடாது என்பது மாஸ்டர் சட்டம். கல்வராயன் மலை நாவல்பழத்தைக் கொண்டுபோனேன். அங்கே தைக்கும் நாங்கள் மூவரும் தின்றோம். தின்னக் கூடாத பழமாயிற்றே, பேச்சு ஆதாம் ஏவாளுக்குப் போனது.

"அவங்க மீறுன பாவம் நம்ம எல்லாரு தலையிலயும் கீதுடி" என்றாள் ஸ்டெல்லா.

"எங்க மார்க்கத்துல அவங்க ரெண்டு பேரும் மன்னிப்பு கேட்டாங்க. அல்லா அப்பவே மன்னிச்சிட்டான்" என்றாள் நூர்ஜஹான்.

"எங்களுக்கு அவங்கவங்க செஞ்சது அவங்கவங்களுக்கு" என்றேன்.

அதற்குள் கல்யாண ஜாக்கெட்டில் சாறு சொட்டிவிட்டது. யார் கையிலிருந்து என்று தெரியவில்லை.

"எவ தின்னது? அவ நாளைக்கு வேலைக்கு வர வேணாம்" என்றார் மாஸ்டர்.

"நான்தாங்க" என்றேன். "நானுந்தாங்க" என்றாள் நூர்ஜஹான். ஸ்டெல்லா ஊதா நாக்கை நீட்டிக் காட்டினாள்.

மூவரையும் அனுப்பினால் ஆவணி முகூர்த்தத் துணியை யார் தைப்பது? மாஸ்டர் கத்தரியை எடுத்து அடுத்த துணியை வெட்டத் தொடங்கினார்.

கடவுள் கேட்டபோது ஆதாம் ஏவாளைக் கைகாட்டினானாம். அவள் பாம்பைக் காட்டினாளாம். எங்கள் கடையில் ஒருத்தியும் யாரையும் காட்டவில்லை.