டிவியைக் கழற்றி மாட்டியாயிற்று

அனுப்பர்பாளையம், திருப்பூர்.
ஞாயிறு காலை.

அன்புள்ள தரணி அப்பாவுக்கு,

சித்ராதேவி எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள். மாரப்பன் ஐயா வீட்டு டிவி விழவில்லை. யாருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. அதைக் கழற்றி, ஒழுங்காக மறுபடியும் மாட்டியாயிற்று. இன்றைக்காவது தூங்குங்கள்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை ராத்திரி, வேலை முடிந்து வந்த பிறகுதான் கையில் கிடைத்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் எல்லாம் புரிந்தது. குடியை நிறுத்தினால் முதல் பத்து நாள் தூக்கம் வராது, கை நடுங்கும் என்று மறுவாழ்வு மையத்து டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். அதைத்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துப் பிரித்தேன். ஆனால் மையத்தில் சேர்வதற்கு இரண்டு நாள் முன்னால் மாரப்பன் ஐயா வீட்டில் பெரிய டிவியை மாட்டியபோது காலையிலேயே குடித்திருந்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்க்ரூ சுவருக்குள் போகவே இல்லை, மேலே ஒட்டிய அலங்காரக் கல்லில்தான் நிற்கிறது, கண்ணை மூடினால் அது விழுகிற சத்தம் கேட்கிறது என்றும் இருந்தது. படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் போன் மையத்து ஆபீசில் பூட்டியிருக்கிறது, மாரப்பன் ஐயா வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. மறுநாள் காலை கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பஸ்ஸில் போகும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். ஒரு வாரம் கழித்து வந்து சரிபார்ப்பது வழக்கம், அவர் வெளியூர் போயிருக்கிறார், வேறு ஆளை அனுப்புகிறோம் என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். குடித்துவிட்டு வேலை செய்கிறவர் என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் யார் உங்களைக் கூப்பிடுவார்கள் என்ற பயம்தான்.

வீட்டுக்கார அம்மா சாரதாமணி உள்ளே கூப்பிட்டார். ஹால் சுவரில் இருக்கும் அந்த நெருப்புக் கணப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜெர்மனியில், தன்னிடம் பனியன் வாங்குகிற பையர் வீட்டில் பார்த்து வந்து ஐயா கட்டியது, நம்மூர் வெயிலில் யார் குளிர்காயப் போகிறார்கள் என்று நீங்கள் வந்து சொல்லிச் சிரித்தீர்களே, அதே கணப்பு. அதற்கு மேலே கட்டில் அளவுக்கு டிவி. டிவிக்கு நேர் கீழே, கணப்பை ஒட்டி, சக்கரம் வைத்த தொட்டில். மருமகள் அனுப்பிரியாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து இருபத்தொரு நாள்தான் ஆகிறதாம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

தயார் செய்த பொய் எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிப்போய்த் தொட்டிலை இழுத்து ஹாலின் மறு மூலைக்குத் தள்ளிவிட்டேன். அனுப்பிரியா பதறி எழுந்துவிட்டாள். சாரதாமணி அம்மா, "ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்று கையைப் பிடித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். குடித்திருந்ததையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து டிவியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதை அவரே சொல்லி உட்டாருங்களா?"

ஆமாம் என்றேன். குழந்தையையும் மருமகளையும் உள் அறைக்கு அனுப்பிவிட்டு ஐயாவுக்குப் போன் செய்தார்.

ஐயா வந்து கத்தினார். குடிகாரனை வீட்டுக்குள் விட்டது தன் தப்பு என்றார். இன்னும் நிறையச் சொன்னார், அதையெல்லாம் எழுதவில்லை. தலையைக் குனிந்து நின்றேன். அவர் சொன்னதில் ஒன்றுகூட அநியாயம் இல்லை.

முன்பு உங்களோடு வேலை பார்த்த கருப்புசாமி அண்ணனைக் கூப்பிட்டேன். காதர்பேட்டையில் ஒரு கடையில் பாதி வேலையில் இருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் போட்டது போட்டபடி வந்துவிட்டார். அவரும் ஐயாவின் டிரைவரும் இரண்டு பக்கமும் பிடித்து டிவியை மெதுவாகத் தூக்கி இறக்கினார்கள். பிறகு அண்ணன், டிவி மாட்டியிருந்த இரும்புச் சட்டத்தில் கை வைத்து இழுத்தார். இடது பக்கக் கல் ஸ்க்ரூவோடு பெயர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது. அவ்வளவுதான் பலம்.

ஐயா சோபாவில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு அவர் சத்தம் போடவே இல்லை.

அண்ணன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கணப்பு வாய்க்கு மேலே குறுக்கே காங்கிரீட் பீம் ஓடுகிறதாம். வயர் போகிற பாதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கல்லையும் தாண்டி பீமுக்குள் ஆழமாகத் துளை போட்டு, தடிமனான போல்ட் ஆறு முடுக்கினார். ரசமட்டம் வைத்துச் சாய்வு இல்லை என்று பார்த்தார். டிவியை மாட்டுவதற்கு முன்னால் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கித் தொங்கினார். எண்பது கிலோ ஆள், சட்டம் அசையவில்லை. என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு கையாலும் இழுத்தேன். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

கீழே நெருப்பு எரிந்தால் சூட்டில் டிவி கெட்டுவிடும் என்று அண்ணன் சொன்னார். புதுமனை புகுவிழாவன்று கால் மணி நேரம் எரித்ததோடு சரி என்று சொல்லி, ஐயா அப்போதே கணப்புக்கான கேஸ் சிலிண்டரை எடுக்கச் சொல்லிவிட்டார். சாரதாமணி அம்மா முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. எனக்குக் காபி கொடுத்தார். "நீ மட்டும் இன்னைக்கு வரலீன்னா, கண்ணு..." என்றார்.

வாசலில் செருப்புப் போடும்போது ஐயா வந்து நின்றார். "அவரு மொதல்ல குணமாகட்டுங்க. வேலை தர்றேன்னு இப்பச் சொல்ல மாட்டேன். வந்து ஒருக்கா என்னைப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தரணியிடம் நீங்கள் கோயம்புத்தூர் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் உண்மையைச் சொன்னேன். தனக்கு முன்பே தெரியும் என்றாள். உங்களுக்குத் தனியாக எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். அந்தத் தொட்டிலைப் பார்த்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியாது. ஆனால் இத்தனை வருஷத்தில், யாரும் கேட்காமல் நீங்களாகவே ஒரு தப்பைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

மனசு லேசானதும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம். முப்பது நாளும் முழுசாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடைசி நாள் காலையில் நானும் தரணியும் வந்து கேட்டுக்கு வெளியே நிற்போம். பஸ் தாமதமானாலும் நாங்கள் வருகிற வரை உள்ளேயே இருங்கள். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வழியில் என்னென்ன கடை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தனியாக மட்டும் நடந்து வர வேண்டாம்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
சித்ராதேவி