சோசியர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த சம்பந்தி

2005 ஜூன் 6
எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. ஹாலிஎல கோயில் ஆடித் திருவிழாவின் முதல் நாளைச் செலவேற்று நடத்தும் உபயம் எனக்கு வரவேண்டியது. என் மகளின் மாமனார், சம்பந்தி வீரசிங்கத்துக்குப் போய்விட்டது. அதுவும் நானே எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டினால்!

போன வருஷம் முதல் நாளுக்கு அடித்துக்கொண்டு கோயில் வாசலிலேயே சட்டைகள் கிழிந்தன. அதனால்தான் இணையத்தில் விண்ணப்பப் படிவம் வைத்தேன். தோட்டத்து ஃபேக்டரியில் மோட்டார் கழற்றிப் பூட்டியவன் நான். கம்ப்யூட்டரையும் புத்தகம் பார்த்தே படித்தேன். அனுப்பிய நேரத்தை ஸ்கிரிப்டே குறித்துக்கொள்ளும். முதலில் அனுப்பியவருக்கு உபயம், தலையில் பட்டுத் துணி கட்டும் பரிவட்ட மரியாதை.

இன்று றஹீமின் இன்டர்நெட் கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் அனுப்பி முடித்த பிறகுதான் அவர் கண்ணாடியையே தேடினார். பட்டியலிலோ என்னைவிட அரை மணி முந்தி!

“உங்க பொட்டியே சொல்லிருச்சுங்க சம்பந்தி” என்று சிரிக்கிறார்.

ஜூன் 7
ஸ்கிரிப்டில் பிழை இல்லை. இல்லவே இல்லை.

ஜூன் 8
பிடித்துவிட்டேன்! படிவத்தை நிரப்புகிறவரின் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஸ்கிரிப்ட் நேரம் எழுதுகிறது. வீரசிங்கம் உட்கார்ந்தது சோசியர் கம்ப்யூட்டர். அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ளி வருஷங்கள் ஆகியும், ஜாதகம் கணிக்கப் பழைய நேரம்தான் வேண்டும் என்று சோசியருக்குப் பிடிவாதம். அவருக்காக அதை மட்டும் அரை மணி பின்னால் வைத்திருக்கிறார் றஹீம்.

“மாத்த ஏலாது ஐயா. பொறகு சோசியர் கடைப்பக்கமே வரமாட்டார்.”

கோயில் செயலாளர் நிமலனிடம் போய் மறுபடி நடத்தச் சொன்னேன்.

“சரி மாமா. ஆனா இந்தத் தடவை பொட்டி சொல்றதுதான் முடிவு. அப்புறம் வந்து கத்தக் கூடாது.”

நான் எப்போது கத்தினேன்?

ஜூன் 10
திருத்திவிட்டேன். இனி யார் எங்கே உட்கார்ந்தாலும் சரி, நம் தளம் இருக்கும் கம்ப்யூட்டரின் கடிகாரம் ஒன்றுதான் கணக்கு. 13ஆம் திகதி திறப்பு.

ஜூன் 13
காலையில் நானே முதல்! அடுத்தது வீரசிங்கம். ஆனால் பட்டியலில் இருவருக்கும் 12ஆம் திகதி!

தளம் இருப்பது அமெரிக்காவில். அங்கே இன்னும் நேற்றிரவு.

“திறக்கிறதுக்கு முந்தியே அனுப்பிட்டீங்க, ரெண்டு பேரும் தள்ளுபடி” என்றான் நிமலன். கத்தினேன். பின்னே, கத்தாமல்?

“நல்ல ஸ்கிரிப்டுங்க சம்பந்தி. இன்னைக்கு நடக்கிறத நேத்தே எழுதுது. சோசியருக்கு வித்துருங்க” என்கிறார் வீரசிங்கம். மனுஷனா அவன்!

மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிடக் கடைக்கு வந்த என் வீட்டுக்காரி பாக்கியலெட்சுமி, றஹீம் சொல்லிக்கொடுக்க, தன் பெயரில் ஒன்று அனுப்பினாள். அதற்குள் அமெரிக்காவிலும் நள்ளிரவு தாண்டி 13ஆம் திகதி பிறந்திருந்தது. செல்லுபடியான முதல் விண்ணப்பம் அவளுடையது.

“ஏன்டி அனுப்புன?”

“நீங்க ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு நின்னா, சாமிக்கு யாரு பொங்கல் வைக்கிறது?”

போகட்டும். உபயக்காரி கைகாட்டும் ஆணுக்குத்தான் பரிவட்டம். வீட்டில் இருக்கிற ஆண் நான் ஒருத்தன்தான்.

ஜூன் 14
கை காட்டிவிட்டாள். வீரசிங்கத்தை.

“பொண்ணு குடுத்த எடமுங்க. நாளைக்கு அவ அந்த வீட்ல சோறு திங்க வேணாமா?”



ஜூலை 15
நாளை மறுநாள் திருவிழா. றஹீம் அந்தக் கம்ப்யூட்டர் மேல் ‘சோசியருக்கு மட்டும்’ என்று பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். நிமலன் அடுத்த வருஷத்துக்கு ஸ்கிரிப்ட் எழுத வேறு ஆள் பார்க்க வேண்டும் (கெஞ்சினால் யோசிக்கலாம்). வீரசிங்கம் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரவேண்டும். அந்த வழுக்கையில் பட்டுத் துணி நிற்காது. பாக்கியலெட்சுமி இனி ஒன்றும் செய்ய வேண்டாம், செய்தவரை போதும். சாமி வீதி சுற்றி முடியும் வரைக்கும் நான் வீரசிங்கத்தின் பின்னாலேயே நடந்து, பரிவட்டம் நழுவாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் உத்தரவு.